நான்கு சங்கங்களும் ஒரு மூக்குக்கண்ணாடியும்

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு நல்லது செய்ய ஆள் இல்லாத காலம் ஒன்று இருந்தது. அப்போது கூரை ஒழுகியது. பிறகு நல்லது செய்ய வரிசையாக ஆள் வந்தார்கள். கூரை இப்போதும் ஒழுகத்தான் செய்கிறது. ஆனால் ஒழுகும் இடங்களில் வைக்க பிளாஸ்டிக் வாளிகள் வந்துவிட்டன. ஒவ்வொரு வாளியிலும் ஒரு சங்கத்தின் பெயர் பெயிண்டில் எழுதியிருக்கும்.

தாமிரபரணியிலிருந்து பிரிந்து வரும் வாய்க்கால் ஒன்றின் ஓரத்தில் இருக்கும் நடுநிலைப் பள்ளி அது. நான் அங்கே ஆறாம் வகுப்பு டீச்சர். கோபக்காரி என்று பெயர் எடுத்தவள். அந்தப் பெயரை நான் யாரிடமும் மறுத்ததில்லை. ஊரோடு சேர்ந்து பள்ளியை நடத்துங்கள், சங்கங்களைக் கூப்பிட்டுப் பேசுங்கள் என்று மேலிடத்திலிருந்து சொன்னதும், எங்கள் தலைமையாசிரியர் நான்கு சங்கங்களைக் கூப்பிட்டார். வியாபாரிகள் சங்கம், பழைய மாணவர் சங்கம், டவுனிலிருந்து காரில் வரும் ஒரு சேவைக் கிளப், சர்ச் சபை மாதர் சங்கம். நான்கையும் ஒரே நாளில் ஒரே அறையில் உட்கார வைத்தது அவர் செய்த முதல் தப்பு. தலைமையாசிரியர் தங்கமான மனிதர். ஆனால் மணி அடிப்பதற்கு முன்னாலேயே மணி அடிக்கப் போகிறதே என்று பயப்படுகிறவர்.

நான்கு பேரும் சேர்ந்து என்ன செய்யலாம் என்று பேசிப் பேசி, கடைசியில் கண் பரிசோதனை முகாம் என்று முடிவானது. பள்ளித் தாழ்வாரத்தைவிட நீளமான பேனர் கட்டினார்கள். நீளம் கூடிப்போன பகுதியை மடித்து வேப்பமரத்தில் கட்டினோம். கண் பார்க்க வந்தவர் எழுத்து அட்டையைச் சுவரில் மாட்டி, பிள்ளைகளை ஒவ்வொருவராக நிறுத்திக் கேட்டார். மதியச் சாப்பாட்டுக்குள் மொத்தப் பள்ளியும் முடிந்துவிட்டது.

கண்ணாடி தேவைப்பட்டது ஒரே ஒரு பிள்ளைக்கு.

நான்கு சங்கத்தாரின் முகமும் விழுந்துவிட்டது. வியாபாரிகள் சங்கத் தலைவர் பலசரக்குக் கடை அண்ணாச்சி. கொடுக்கிற கை உடையவர், அதை யாரும் இல்லை என்று சொல்ல முடியாது. அவர் கண் பார்த்தவரைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒண்ணே ஒண்ணுதானா? நல்லாப் பாத்தீரா வே?" என்று கேட்டார். மற்ற பிள்ளைகளுக்குக் கண் நன்றாக இருப்பது ஏதோ தன் குற்றம் போல அந்த மனிதர் தலையைச் சொறிந்தார். எட்டாம் வகுப்பில் சில பிள்ளைகளை இன்னொரு தடவை பார்க்கச் சொன்னார்கள். அவர்கள் அட்டையின் கடைசி வரியோடு நிற்காமல், அதன் கீழே பொடியாக இருந்த அச்சகத்தின் பெயரையும் படித்துக் காட்டினார்கள்.

எல்லோரும் சிரித்தோம். ஆனால் எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அந்த ஒரே ஒரு பிள்ளை என் வகுப்புப் பெண். உயரமான பெண் என்பதால் நான்தான் அவளைக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்திருந்தேன். ஜூன் மாதத்திலிருந்து அவள் கரும்பலகையைப் பார்த்து எழுதியதெல்லாம் தப்பு. கூட்டல் குறி பெருக்கலாகும், எட்டு மூன்றாகும். மக்கு என்று வகுப்பறையில் எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறேன். ஒரு தடவை அல்ல. அன்றைக்கு அந்த அட்டையில் இருந்த பெரிய எழுத்தைத் தவிர அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று பார்த்தபோது, என் நாக்கை நானே கடித்துக்கொண்டேன். மறுநாளே முன் பெஞ்சுக்குக் கொண்டுவந்தேன். அங்கிருந்தும் தெரியவில்லை. கரும்பலகையிலிருந்து ஒரு கை தூரத்தில் போய் நின்றால்தான் அவளுக்கு எழுத்து எழுத்தாக இருந்தது.

காலாண்டுத் தேர்வுக்குள் அவள் கண்ணில் அந்தக் கண்ணாடி ஏற வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பார்கள். இங்கே ஊர் கூடி ஒரு மூக்குக்கண்ணாடியை இழுத்தது. ஒரு கண்ணாடியை நான்கு பேர் எப்படிக் கொடுப்பது? அதற்கு ஒரு கூட்டம் நடந்தது. பிரேம் வியாபாரிகள் சங்கம், லென்ஸ் பழைய மாணவர் சங்கம், வைக்கிற பெட்டி சேவைக் கிளப், துடைக்கிற துணி மாதர் சங்கம் என்று பிரித்துக்கொண்டார்கள். பாளையங்கோட்டைக் கண்ணாடிக் கடைக்காரர் வாழ்நாளில் அப்படி ஒரு ஆர்டரைப் பார்த்திருக்க மாட்டார். ஆனாலும் ஒரே வாரத்தில் கண்ணாடி வந்துவிட்டது. லென்ஸின் மூலையில் கடையின் சின்ன ஸ்டிக்கர்கூட உரியாமல், நீலப் பெட்டிக்குள் வெல்வெட்டில் படுத்திருந்தது. தலைமையாசிரியர் அதை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினார்.

விழா நடத்தித்தான் கொடுக்க வேண்டும் என்றார். முக்கிய விருந்தினர் தன் கையால் பெட்டியைத் திறந்து, பிள்ளைக்குப் போட்டுவிட வேண்டும். அதுவரை கண்ணாடி புதிதாக இருக்க வேண்டும்.

அப்படியானால் நானே என் காசில் வேறொரு கண்ணாடி வாங்கிக் கொடுக்கிறேன், இது பீரோவிலேயே கிடக்கட்டும் என்றேன். அவர் பதறிவிட்டார். அவளுக்குக் கண்ணாடி இருந்தால், அப்புறம் விழாவில் யாருக்குக் கண்ணாடி கொடுப்பது? இருப்பது ஒரே ஒரு பிள்ளை. பழைய மாணவர் சங்கம் கழிப்பறைக்குக் கதவு போட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தது. அண்ணாச்சி கூரைக்கு ஓடு தருவதாக அரை மனதாகத் தலையாட்டியிருந்தார். அதெல்லாம் போய்விடும் என்று அவர் சொன்னதும் நான் வகுப்புக்குத் திரும்பிவிட்டேன்.

விழாவுக்கு அழைப்பிதழ் அடிக்க வேண்டும் அல்லவா? யார் பெயர் முதலில் என்று அங்கே முட்டிக்கொண்டது. வியாபாரிகள் சங்கம், எங்கள் பிரேம் இல்லாமல் லென்ஸ் எங்கே நிற்கும் என்றது. பழைய மாணவர் சங்கம், லென்ஸ் இல்லாத பிரேமைப் போட்டுக்கொண்டு கூத்தில்தான் ஆடலாம் என்றது. அகர வரிசைப்படி போட்டுவிடுவோம் என்று தலைமையாசிரியர் சொன்ன மறுநாள், சேவைக் கிளப் தன் பெயருக்கு முன்னால் 'அனைத்து' என்று சேர்த்துக்கொண்டு வந்தது. கடைசியில் டவுன் அச்சகக்காரர்தான் வழி சொன்னார். நான்கு பெயரையும் வட்டமாக அடித்துவிடலாம், வட்டத்துக்கு முதல் ஏது, கடைசி ஏது என்றார். அப்படியே அடித்தோம். வாங்கியவர்கள் எல்லோரும் தங்கள் பெயர் மேலே வரும் வரைக்கும் அதை பஸ் ஸ்டியரிங்கைப் போலத் திருப்பிப் பார்த்தார்கள்.

அழைப்பிதழ் முடிந்தது என்று மூச்சு விட்டால் முக்கிய விருந்தினர் வீட்டில் ஒரு பிரசவம். அவர் ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி. அவர் இல்லாமல் நடத்த நான்கு சங்கமும் ஒப்பவில்லை. தேதி தள்ளிப் போனது. வட்ட அழைப்பிதழில் தேதியை மட்டும் அடித்துத் திருத்தி மறுபடி கொடுத்தோம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதற்குத்தான்.

காலாண்டுத் தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது எனக்குப் பொறுமை போய்விட்டது. பீரோச் சாவி எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும். காலை வழிபாடு முடிந்ததும் தலைமையாசிரியர் சாவியை மேசையில் வைத்துவிட்டு, மதியச் சத்துணவுக்கு அரிசி அளந்து போடுவதைப் பார்க்கப் போவார். அன்றைக்குப் பெட்டியைத் திறந்து கண்ணாடியை எடுத்தேன். ஸ்டிக்கரை நகத்தால் பைய உரித்து, என் கைக்கடிகாரத்தின் அடியில் ஒட்டி வைத்தேன். வகுப்பில் அவளைக் கூப்பிட்டுப் போட்டுவிட்டேன்.

அவள் முதலில் கரும்பலகையைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "டீச்சர், நீங்க மூக்குத்தி போட்டிருக்கீங்க" என்றாள். ஜூன் மாதத்திலிருந்து தினம் ஐந்து மணி நேரம் அவள் முன்னால் நின்றவள் நான்.

சாயங்காலம் மணி அடிப்பதற்கு முன் கழற்றி, துடைத்து, ஸ்டிக்கரை ஒரு துளி பசை வைத்து ஒட்டி, பீரோவில் வைத்தேன். மறுநாளும் அதே. அதற்கு மறுநாளும் அதே. வகுப்பு மொத்தத்துக்கும் விஷயம் தெரியும். ஒரு பிள்ளையும் வாய் திறக்கவில்லை, என் கோபத்துக்கு அவ்வளவு மரியாதை. அந்தப் பெண்ணிடமும் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன்: விழா நடக்கும் வரை யாரிடமும் மூச்சு விடக் கூடாது, அம்மாவிடம்கூட. அவள் அம்மா வீட்டில் பீடி சுற்றுகிறவள். இலைக் கட்டை வாங்கக் கடைத்தெருவுக்கு வரும்போது ஒரு வார்த்தை விட்டால் அது அண்ணாச்சி கடைக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

காலாண்டுத் தேர்வில் கணக்கில் அவள் வாங்கிய மதிப்பெண்ணைப் பார்த்து நான் விடைத்தாளை இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன். திருட்டில் இவ்வளவு திருப்தி உண்டு என்று எனக்கு அதுவரை தெரியாது. பெருமையாகவே இருந்தது, அதை மறைப்பானேன்.

ஒரு நாள் மாட்டிக்கொள்ள இருந்தேன். பேனரில் போடுவதற்குக் கண்ணாடியைப் படம் பிடிக்க வேண்டும் என்று அண்ணாச்சி போட்டோக்காரரோடு திடீரென்று வந்து நின்றார். நான் வகுப்புக்கு ஓடி, நெடுவகுத்தலில் பாதி வழியில் இருந்தவளின் மூக்கிலிருந்து கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு ஓடி வந்தேன். அண்ணாச்சி கையில் வாங்கி, "என்ன டீச்சர், சுடச் சுட இருக்கு?" என்றார். பீரோவுக்கு நேர் மேலே ஓட்டு வெயில் என்றேன். நம்பினார். இரண்டு நாளில், எருமை மாடு போட்டுக்கொள்ளும் அளவில் ஒரு மூக்குக்கண்ணாடிப் படம் பேனரில் வந்தது.

கடைசியில் மழைக்காலம் தொடங்கிய பிறகு, நவம்பரில் ஒரு நாள் விழா வைத்தார்கள். சாயங்காலம் மூன்று மணிக்கு. அன்று காலையிலும் வழக்கம்போல எடுத்துக் கொடுத்தேன். அன்றைக்கு ஒரு தேர்வு இருந்தது, மதியம் திரும்ப வைத்துவிடலாம் என்று கணக்கு. முக்கிய விருந்தினர் பதினொரு மணிக்கே வந்துவிட்டார். சாயங்காலம் அவருக்கு ஒரு கல்யாண வரவேற்பு இருந்ததாம்.

மைக் செட் கத்த ஆரம்பித்தது. நான் கண்ணாடியைக் கழற்றி எடுத்துக்கொண்டு தலைமையாசிரியர் அறைக்கு ஓடினால், பீரோ திறந்து கிடந்தது, பெட்டியைக் காணோம். மாதர் சங்கத்து அம்மாக்கள் காலையிலேயே வந்து, பெட்டியை வாங்கி, திறக்காமலே தங்க நிறக் காகிதம் சுற்றி, ரிப்பன் கட்டி, மேடைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். துடைக்கிற துணி முன்பே உள்ளே மடித்து இருந்ததால் ஆட்டிப் பார்த்தாலும் தெரியாது. கண்ணாடியைச் சாக்பீஸ் டப்பாவில் போட்டு மூடிக்கொண்டு நான் மேடை ஓரத்தில் போய் நின்றேன்.

மேடையில் நாற்காலிகள் நெருக்கி அடித்துக் கிடந்தன. கீழே பிள்ளைகள் வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கு ஆள் சால்வை போர்த்தவே முக்கால் மணி நேரம் ஆனது. பிறகு அந்தப் பெண்ணை மேடைக்குக் கூப்பிட்டார்கள். நான்கு சங்கத் தலைவர்களும் அந்தச் சின்னப் பெட்டியை ஆளுக்கு ஒரு மூலை பிடித்து, மாப்பிள்ளைக்குச் சீர் கொடுப்பது மாதிரி விருந்தினரிடம் நீட்டினார்கள். அவர் ரிப்பனை இழுத்தார். காகிதத்தைப் பிரித்தார். பெட்டியைத் திறந்தார். வெல்வெட்டும், மடித்த துணியும் இருந்தன.

தலைமையாசிரியர் என் பக்கம் நகர்ந்து வந்தார். முகத்தில் ரத்தம் இல்லை. "டீச்சர், அது பகல்ல பெட்டிக்குள்ள இருக்காதுங்கது எனக்குத் தெரியும்லா" என்று காதோடு சொன்னார். "பெட்டியை எடுத்துக் கொடுக்கும்போது மறந்துட்டேன்." தினமும் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போனது எதற்கு என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

முக்கிய விருந்தினர் எத்தனை விழா பார்த்தவர். முகம் ஒரு இம்மிகூட மாறவில்லை. பெட்டியை மூடி இடது கையில் வைத்துக்கொண்டு, வலது கையால் தன் மூக்கிலிருந்த கண்ணாடியைக் கழற்றி, அந்தப் பெண்ணின் முகத்தில் மாட்டிவிட்டார். போட்டோக்காரர் அடித்துத் தள்ளினார். எல்லோரும் கை தட்டினார்கள். அது கிட்டத்தில் படிக்கிறதுக்கான கண்ணாடி, இவளுக்கு வேண்டியதற்கு நேர் எதிர். கண்ணாடி இல்லாதபோது தெரிந்த கொஞ்சநஞ்சமும் இப்போது அவளுக்குத் தெரியாது. அண்ணாச்சி மைக்கை அவள் வாயருகே கொண்டுபோய், "இப்ப நல்லாத் தெரியுதாம்மா?" என்று கேட்டார். அவள் அண்ணாச்சி இருந்த திசையை உத்தேசமாகப் பார்த்து, "நல்லாத் தெரியுது" என்றாள். நான் சொல்லிக் கொடுத்த பதில்தான் அது.

அடுத்து விருந்தினர் பேச வேண்டும். பத்துப் பக்கம் எழுதிக்கொண்டு வந்திருந்தார். தாளைக் கிட்டே வைத்துப் பார்த்தார், எட்ட வைத்துப் பார்த்தார். அப்புறம் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "எல்லாரும் நல்லாப் படிங்க" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். எங்கள் பள்ளியில் இதுவரை நடந்த விழாக்களில் மிகச் சிறந்த பேச்சு அதுதான்.

விழா முடிந்து, அவருடைய கண்ணாடியை அவரிடம் கொடுத்து அனுப்பிய பிறகு, தலைமையாசிரியர் அறையில் வடையும் டீயும் நடந்தது. பிரேமுக்காரர்கள் லென்ஸுக்காரர்களையும், லென்ஸுக்காரர்கள் பிரேமுக்காரர்களையும் முறைத்துக்கொண்டிருந்தார்கள். பெட்டி கொடுத்த கிளப்பும் துணி கொடுத்த மாதர் சங்கமும், எங்கள் பங்கு வந்து சேர்ந்துவிட்டது பாருங்கள் என்று நிம்மதியாக வடை தின்றார்கள். நான் சாக்பீஸ் டப்பாவைத் திறந்து கண்ணாடியை மேசையில் வைத்தேன். சாக்பீஸ் தூள் படிந்து அது வயதான கண்ணாடி மாதிரி இருந்தது. நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். வேலை போனாலும் போகட்டும் என்றுதான் சொன்னேன்.

அண்ணாச்சி கண்ணாடியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப நாங்க ரெண்டு மாசத்துக்கு முன்னாலயே கொடுத்துட்டோம்ங்கீங்க" என்றார்.

ஆமாம் என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. அப்படியானால் கூட்டக் குறிப்பில் அப்படியே எழுதிவிடலாம், விழாவுக்கு முன்னாலேயே கொடுத்த சங்கம் இந்த வட்டாரத்தில் வேறு இல்லை என்றார். பழைய மாணவர் சங்கம் உடனே, முதலில் பயன்பட்டது லென்ஸ்தான் என்று எழுத வேண்டும் என்றது. நான் வெளியே வந்துவிட்டேன். எனக்கு வந்தது கோபமா சிரிப்பா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

கண்ணாடியைத் துடைத்து அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். சாயங்காலம் மணி அடித்தது. பிள்ளைகள் எல்லாம் போன பிறகும் அவள் மட்டும் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். கண்ணாடியைக் கழற்றி, இரண்டு கையிலும் வைத்து நீட்டினாள்.

"பீரோல வைக்கணும்லா டீச்சர்" என்றாள்.

யாரோ பளீரென்று என் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. இரண்டு மாதத்துக்கு மேல் நான் நல்லது செய்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். காலை ஒன்பதரைக்குக் கண்ணைக் கொடுத்து, மாலை நாலு மணிக்குக் கண்ணைப் பிடுங்கிக்கொண்டிருந்திருக்கிறேன். அவளுக்குத் தெரிய வேண்டியது என் கரும்பலகை மட்டும்தான் என்று யார் சொன்னது? சங்கத்துக்காரர்களாவது விழாவுக்காகப் பூட்டி வைத்தார்கள். நான் என் பாடத்துக்காகப் பூட்டி வைத்திருந்தேன். இனிமேல் இது உன் கண்ணாடி, வீட்டுக்குக் கொண்டு போ, தூங்கும்போது மட்டும் கழற்று என்றேன். அவள் நம்பாமல் பீரோ இருந்த பக்கத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை வழிபாடு முடிந்து, வருகைப் பதிவும் எடுத்து முடித்த பிறகு வந்தாள். அவள் வீடு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். பாலத்திலிருந்து ரோடு வரைக்கும் வயல் நடுவே கோடு போட்ட மாதிரி ஒரே நேர் பாதை. வழி தப்பவோ தாமதிக்கவோ அதில் ஒன்றும் இல்லை. கண்ணாடி வந்த மறுநாளே மேனாமினுக்கியா என்று எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஏட்டி, எங்க போய்ச் சுத்திட்டு வார என்று கேட்டேன்.

அவளுக்கு மூச்சு இரைத்தது. கண்ணாடி மூக்கு நுனியில் தொங்கியது.

"ரோட்டுல ஏறும்போது திரும்பிப் பாத்தேன் டீச்சர். எங்கம்ம பாலத்துல நிக்கா. நின்னு எனக்குக் கையக் காட்டுதா. அதான் திரும்ப ஓடிப் போயிக் கேட்டேன்."

"என்ன கேட்ட?"

"எதுக்கு நிக்கன்னு கேட்டேன். தினமும் நிப்பாளாம். தினமும் கை காட்டுவாளாம். நான் திரும்பித் திரும்பிப் பாத்துட்டு, பதிலுக்குக் கையே காட்டாமப் போயிருவேனாம். எம்பிள்ளைக்கு எம்மேல என்ன கோவமோன்னு இவ்வளவு நாளும் நெனச்சிட்டு இருந்திருக்கா."

இன்றைக்குக் கை காட்டினாயா என்று கேட்டேன்.

"ரெண்டு கையையும் காட்டினேன் டீச்சர்" என்றாள்.

உட்காரச் சொன்னேன். திரும்பி நின்று கரும்பலகையில் தேதி எழுத ஆரம்பித்தேன். அன்றைக்குத் தேதி எழுதி முடிக்க எனக்கு வெகுநேரம் ஆனது.